மூச்சுக்கு நின்ற பிடில்

செலஸ்தீன் கல்யாணத்தன்று சாயங்காலம் நாலரை மணிக்கு கபிரியேல் பிடிலில் எடுத்த பாட்டு, கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, இரவல் அண்டாவெல்லாம் கழுவி அவரவர் வீட்டுக்குப் போய், செலஸ்தீனுக்கு மூன்று பிள்ளை பிறந்து, மூத்தவள் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கிய பிறகும் சங்குமுனையில் ஓயவில்லை. வாசித்தவன் எப்போதோ பிடிலை ஆணியில் மாட்டிவிட்டான். பாட்டு மட்டும் மாதா கோயில் படிக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் நடுவில், இரண்டு வலையை விரித்துக் காயப்போடும் அளவு மணல் முற்றத்தில், வாசித்த இடத்திலேயே இருந்தது.

சங்குமுனை பேண்டு என்றால் மூன்றே பேர். பிடில் கபிரியேல், கிளாரினெட் அவன் தங்கை கித்தேரியின் புருஷன் கயித்தான், டிரம் மரியான். பக்கத்து ஊர்களில் பன்னிரண்டு பேருக்குச் சரிகைத் தொப்பி மாட்டி ஊர்வலம் விடுவார்கள், அதெல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்டம் என்று வந்தால் இந்த மூன்று பேரைத்தான் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் இவர்கள் எடுத்தால் பந்தியில் பாதிச் சோற்றில் இருப்பவனும் கை கழுவ மறந்து எழுந்துவிடுவான். கடைசி ஆட்டத்துக்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிடில் கேட்கும், கிளாரினெட் பதில் சொல்லும். எட்டாவது பதில் முடிந்ததும் மரியான் டிரம்மில் ஒரே ஒரு அடி போடுவான், சோடி சோடியாக ஆடியவர்கள் ஒருவரையொருவர் கும்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அந்த அடி விழாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இதில் இன்னொரு வழக்கம் இருந்தது, அது பேண்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும். பிடிலுக்கு மூச்சு வேண்டாம், வில் இருந்தால் போதும். கிளாரினெட்காரன் மனுஷன், அவனுக்கு மூச்சு வேண்டும். அவன் இடது தோளை லேசாக இறக்கினால் பிடில்காரன் அடுத்த சுற்றை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். இதற்கு மூச்சுக்கு நிற்பது என்று பெயர். கயித்தான் கல்யாணத்துக்கு முன் சங்கு குளித்தவன். பரலோக மந்திரத்தை நிதானமாக நாலு தடவை சொல்லி முடிக்கும் வரை கடலுக்கு அடியில் இருப்பான், கரையில் நிற்பவர்கள் ஐந்தாவது தடவை தொடங்கி அழத் தயாராகும்போதுதான் தலையை வெளியே காட்டுவான். அந்த மூச்சுதான் அவனுடைய சொத்து, அவனுடைய கர்வம். ஆனால் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றிருந்தது. அவன் தோளை இறக்குவது வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிக்கொண்டிருந்ததை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை, கபிரியேலைத் தவிர.

அன்றைக்கு ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம். எட்டுச் சுற்று முடிந்தும் ஜனம் கடைசி அடியைப் போட விடவில்லை, "இன்னொரு சுத்து! இன்னொரு சுத்து!" என்று கத்தியது. கைதட்டல் என்றால் கபிரியேலுக்கு உயிர், அதை மறைப்பதற்கில்லை. எடுத்தான். ஒன்பது, பத்து, பதினொன்று. கயித்தானின் தோள் இறங்கியது, கபிரியேல் பார்த்தான், பார்த்தும் நிற்கவில்லை. பதின்மூன்றாவது சுற்றில் கயித்தான் முகம் கறுத்து, தோளோடு கிளாரினெட்டும் இறங்கியபோது, ஆட்டத்தின் வெறியில் கபிரியேல் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "என்ன மச்சான், பிடிலுக்கு மூச்சு வேண்டாம்வே. உமக்கு வேணும்னா வெளிய போய் வாங்கிட்டு வாரும்!"

ஜனம் சிரித்தது. கபிரியேல் கேள்வியை எடுத்து முடித்து, வில்லைத் தூக்கிப் பதிலுக்குக் காத்தான். கயித்தான் கிளாரினெட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்து, கரையில் கருவாடு ஏற்றிக்கொண்டிருந்த தோணியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் கொழும்புக்குப் போய்விட்டான். பதில் வரவில்லை. மரியான் குச்சியை ஓங்கியபடி நின்றான், அடி விழவில்லை. வந்த ஜனம் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, சங்குமுனை சரித்திரத்தில் முதல் தடவையாக, ஆட்டம் முடியாமலே வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்கள் முற்றத்தில் கால் வைத்ததும் ஆடினார்கள். யாரோ எங்கேயோ ஒளிந்து வாசிக்கிறான் என்று ஏலக்கூடத்தின் ஓட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பங்குச்சாமி தீர்த்தம் தெளிக்க வந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று ஆடி, வியர்த்துப்போய் வெளியே வந்து, இதில் பாவம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். அதோடு ஊர் தேடுவதை விட்டது.

முற்றத்துக்குள் இருந்தது இதுதான்: பிடில் கேட்கும், டிரம் தாளம் போடும், பிறகு பதில் வர வேண்டிய இடத்தில் ஒரு ஆள் மூச்சளவுக்கு ஒன்றுமே இருக்காது. அந்த இடம் வந்ததும் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும், கிழவர், குழந்தை, மீன் கூடைக்காரி, ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. பிறகு கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மனுஷருக்கு எதுவும் பழகிவிடும். பெண்கள் தலையில் மீன் கூடையோடு ஒரு பக்கம் நுழைந்து ஆடி மறுபக்கம் வெளியே வந்தார்கள், ஒரு சாளை கீழே விழாது. ஏலம் போடுகிறவர் ஒரு வாரம் உள்ளே நின்று பார்த்தார்; ஆடிக்கொண்டே கோபமாகப் பேரம் பேச ஒருவராலும் முடியவில்லை, வியாபாரம் சிரிப்பாகச் சிரித்தது, கூடத்தை நாற்பதடி தள்ளி மாற்றிக் கட்டினார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் மூன்றாவது சுற்றில் தூங்கிவிடும். முகம் கொடுத்துப் பேசாத புருஷன் பெண்டாட்டியைச் சொந்தக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, பையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஆடி, கடற்காற்றின் விசேஷம் என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதல் சாவு விழுந்தபோதுதான் ஊர் பயந்தது. கோயிலுக்குள் போக வேறு வழி கிடையாது, பெட்டி முற்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தூக்கியவர்கள் ஆறு பேரும் பல்லைக் கடித்துப் பார்த்தார்கள், கால் கேட்கவில்லை, பெட்டி ஆடியது. பெட்டிக்குப் பின்னால் போன விதவை ரெபெக்காள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, "உயிரோட இருக்கையில ஒரு நாளு எங்கூட ஆடுனதில்ல இந்த மனுசன்" என்று சொல்லி அழுதுகொண்டே ஆடினாள். பதில் வரும் இடத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, அவளும் ஒற்றைக் காலில் நின்றாள், ஊரும் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரும் கேலியாகப் பேசவில்லை.

இரண்டு பேர் மட்டும் ஆடவில்லை. ஒருத்தி கித்தேரி. தினமும் முற்றத்தின் ஓரம் வரை வருவாள், மணலும் பாட்டும் தொடங்கும் கோட்டில் செருப்பு நுனி படாமல் நிற்பாள், பதில் வரும் இடத்தைக் காது கொடுத்துக் கேட்பாள், திரும்பிப் போய்விடுவாள். கேட்டவர்களிடம், "அவரு பாதியில போன ஆளு. பாதிய முடிக்க வருவாரு. வந்தப்புறம் ஆடிக்கிடுதேன்" என்பாள்.

இன்னொருவன் கபிரியேல். அவன் உள்ளே போனால் கால் அசையாது, மண்ணில் நட்ட கட்டைதான். ஊரே சுற்றி ஆடும், நடுவில் அவன் நின்று தன் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டிருப்பான். பிடிலும் அவனுக்கு இல்லாமல் போனது. எந்தப் பாட்டை நினைத்து வில்லை வைத்தாலும் அந்தக் கேள்விதான் வந்தது. திருப்பலிப் பாட்டு வாசிக்கப் போனாலும் அது, தாலாட்டு வாசிக்கப் போனாலும் அது. ஆறு மாதம் முயன்றுவிட்டு ஆணியில் மாட்டிவிட்டு, கிழிந்த வலை பொத்த உட்கார்ந்தான். கொழும்புக்குக் கடிதம் எழுதினான், ஒன்றுக்கும் பதில் இல்லை. மச்சான் மன்னிக்காமல் தன் கை இனி பிழைக்காது என்று அவனுக்குத் தெரியும். அதைவிட, தங்கை அந்தக் கோட்டில் வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் பெரிய வேதனை. கித்தேரி அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பதினோராம் வருஷம், ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம், பத்து மணி பஸ்ஸில் கயித்தான் வந்து இறங்கினான். பாதி ஆளாக இருந்தான். ஒரு குடை, ஒரு தோல் பை. நாலு எட்டு நடப்பான், நிற்பான், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும், மறுபடி நாலு எட்டு. தெருமுனையில் பாட்டு காதில் விழுந்ததும் குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கித்தேரி வாசலுக்கு வந்து பார்த்தாள். கேட்க வேண்டியது பதினோரு வருஷத்துக்கு இருந்தது. "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் கயித்தான்.

"வாங்க."

கபிரியேல் அன்று மத்தியானம் தங்கை வீட்டு வாசலில் மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பினான். நாலாவது தடவை உள்ளேயிருந்தே கயித்தான் கூப்பிட்டான். "உள்ள வாருமே. வாசல் மண்ணு தேயுது."

போய் உட்கார்ந்தான். "மச்சான், நான் அன்னைக்கி உம்ம தோளப் பாத்தேன். பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். பாத்துட்டுத்தான் வாசிச்சேன்."

"தெரியும்" என்றான் கயித்தான். மூச்சு வாங்கினான். "மன்னிச்சு ஒரு காயிதம் போட்டிருப்பேன். போடுததுக்கும் மனசு இருந்துச்சு. ஆனா நீரு கேட்டது பாட்டுல. நானும் பாட்டுலதான சொல்லணும்?" மறுபடி மூச்சு வாங்கினான். "அங்க டாக்டர் நுரையீரலு போச்சுங்கான். அவனுக்கு என்ன தெரியும். அந்தப் பதிலு உள்ளயே நிக்கி. சங்கு குளிக்கப் போனவன் மேல வராம இருக்கது மாதிரி, பதினோரு வருசமா மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மறுநாளே முற்றத்துக்குப் போனான். சேதி கேட்டு ஊர் கூடியது. கேள்வி முடிந்து எல்லோரும் காலைத் தூக்கிய நேரம் கயித்தான் கிளாரினெட்டை வாயில் வைத்து ஊதினான். முதல் சுரம் வந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! பதினோரு வருஷமாக ஒன்றுமில்லாமல் கிடந்த இடத்தில் அது விழுந்ததும் நின்றவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாதியில் அறுந்தது. பதிலுக்கு மொத்தம் இருபத்தோரு சுரம். அவன் மூச்சு திரும்புவதற்குள் கேள்வி முதலிலிருந்து தொடங்கிவிட்டது, ஜனம் ஆடியது, ஆட்டத்தின் நடுவே கயித்தான் மணலில் சரிந்து விழுந்தான்.

கித்தேரி கோட்டுக்கு வெளியே நின்றபடியே கத்தினாள். தூக்கி வந்து போட்டதும், மூஞ்சியைத் துடைத்துவிட்டு, கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஊருக்குக் காலு வலிச்சா வலிக்கட்டும். எனக்கு இவரு வேணும்."

அது நியாயம்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. கபிரியேலும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டு வலையின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு ஊசி ஓடவில்லை. பிடிலுக்கு மூச்சு வேண்டாம், பிடிலுக்கு மூச்சு வேண்டாம் என்று தன் வாயால் சொன்னதே காதில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை திடீரென எழுந்து ஆணியிலிருந்து பிடிலை எடுத்துத் தூசி தட்டி, நரம்பு முறுக்கி, வில்லை வைத்தான். கேள்வி வந்தது. வரட்டும் என்று விட்டான். கேள்வியின் கடைசிச் சுரம் வந்ததும் வில்லைத் தூக்கவில்லை, அதிலேயே இழுத்துக்கொண்டு நின்றான். மேலே இழுத்தான், திருப்பம் தெரியாமல் கீழே இழுத்தான். சுரம் போகவில்லை, நின்றது. காது கொடுத்துக் கேட்டால், கோயில் முற்றத்தில் பாட்டும் மறுபடி தொடங்காமல் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு மாதமும் பாட்டுப் பாட்டாக மாற்றி வாசிக்கப் பார்த்தானே தவிர, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பிடில்காரனுக்கு அது எங்கே தோன்றும்!

ஓடினான். "கித்தேரி, நான் வாசிக்கப் போறதில்ல. புடிச்சுக்கிட்டு நிக்கப் போறேன், அவ்வளவுதான். ஒரு சுரம் ஊதட்டும், உக்காரட்டும், தண்ணி குடிக்கட்டும், அடுத்தத ஊதட்டும். பொழுது அடைஞ்சாலும் நிப்பேன். எனக்குத்தான் மூச்சு வேண்டாமே."

கித்தேரி அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கயித்தான் அவளுடைய முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. "அண்ணே, தோளு எறங்குனா நிக்கணும்."

"நிப்பேன்."

"ஊரு கத்துனாலும்."

"நிப்பேன்ளா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். கயித்தானுக்கு ஒரு நாற்காலி, ஒரு செம்பு தண்ணீர். மரியான் டிரம்மை இழுத்து வைத்துக் குச்சியை ஓங்கிக்கொண்டான். கேள்வி முடிந்தது, நானூறு பேர் காலைத் தூக்கினார்கள், கபிரியேல் கடைசிச் சுரத்தைப் பிடித்து வில்லை இழுத்துக்கொண்டே நின்றான். கயித்தான் முதல் சுரத்தை ஊதினான். தோள் இறங்கியது. பிடில் நின்றது. அவன் குனிந்து மூச்சு வாங்கினான், தண்ணீர் குடித்தான், நெஞ்சைத் தடவிக்கொண்டான், பிடில் அப்படியே நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு வெகுநேரம் கழித்து மூன்றாவது. நானூறு பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், குழந்தைகள் கூட அழவில்லை, கோயில் புறாக்கள் மணிக்கூண்டிலிருந்து இறங்கி வந்து முற்றத்தில் ஒற்றைக் காலில் நின்றன. கபிரியேலின் கை மரத்தது, கழுத்தில் ரத்தம் கன்றியது, வில்லின் மயிர் ஒவ்வொன்றாக அறுந்து தொங்கியது, அவன் கண்ணை மச்சானின் இடது தோளிலிருந்து எடுக்கவில்லை. ஏழாவது சுரத்தில்தான் ஊர் பார்த்தது: கித்தேரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பதினோரு வருஷமாகத் தாண்டாத கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு எட்டு வைத்தாள். எட்டாவது சுரத்துக்கு இன்னொரு எட்டு. ஒரு சுரம், ஒரு எட்டு. நடையா ஆட்டமா என்று சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி ஆடி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவு அழகாகவும் பார்த்ததில்லை. வெயில் சாய்ந்தது, கோயிலின் நிழல் முற்றத்தைத் தாண்டி கடற்கரை மணலுக்கு நீண்டது, இருபதாவது சுரத்துக்குப் பிறகு கயித்தானின் தலை நெஞ்சில் தொங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிடில் நின்றது. பிடில் நின்றது. பிடில் நின்றுகொண்டே இருந்தது. பரலோக மந்திரத்தை நாலு தடவை சொல்லி, ஐந்தாவது தடவை சொல்லி அழத் தயாராகும் நேரத்தில் கயித்தான் தலையைத் தூக்கினான், கடலுக்குள்ளிருந்து வருகிறவன் மாதிரி ஒரு மூச்சை இழுத்தான், இருபத்தோராவது சுரத்தை ஊதினான். கித்தேரியின் கை அவன் தோளில் பட்டது.

மரியான் அடித்தான். ஒரே ஒரு அடி.

நானூறு கால்கள் மண்ணில் இறங்கின. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். பதினோரு வருஷத்துக் கும்பிடு அது, நிறைய பேர் அழுதார்கள், ரெபெக்காள் கல்லறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பாட்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறொரு சத்தம் கேட்டது, செலஸ்தீனின் மகள் பயந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அது என்னம்மா?" என்று கேட்டாள்.

"கடலு" என்றாள் செலஸ்தீன். "கடலுதான்ளா. இங்கயே கேக்கும் முன்னால."

கபிரியேல் வில்லை இறக்காமல் நின்றான். பிறகு பயந்து பயந்து விரலை மாற்றி நரம்பில் வேறொரு இடத்தில் வைத்து இழுத்தான். வேறொரு சுரம் வந்தது. இன்னொன்று வைத்தான், அதுவும் வந்தது. கேள்வி இல்லை, வேறு ஏதோ ஒன்றின் தொடக்கம். ஜனம் அதைக் கேட்டது. எங்கோ பின்னாலிருந்து ஒருவன் தொடங்க, முற்றம் முழுக்கக் கைதட்டிக் கத்தியது: "இன்னொரு பாட்டு! இன்னொரு பாட்டு!"

கபிரியேல் மச்சானைப் பார்த்தான். கயித்தான் நாற்காலியில் சாய்ந்து, கித்தேரி பிடித்திருந்த செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"மச்சான், மூச்சு வாங்கியாச்சா?"

"இன்னும் இல்லவே. பொறும்."

கபிரியேல் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.